ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு

மெதுவாகப் பேசுவோம் தம்பி. அந்த மேல் பெர்த்தில் தலையோடு போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறதே, அது என் சின்ன மருமகள், ஆவுடைச்செல்வி. மும்பை தாதர் ஸ்டேஷனில் ஏறும்போது அது அழுததைப் பார்த்துவிட்டு நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள். மாமனார் கொடுமை என்று நினைத்திருப்பீர்கள். இல்லை தம்பி. என் வாயால் ஒருத்தர் கெட்டார் என்று கோவில்பட்டியில் யாராவது சொல்லட்டும், நான் இந்த வண்டியை விட்டு இறங்கி மிச்ச தூரத்தை நடந்தே வருகிறேன்.

நேற்று இந்தப் பிள்ளைக்கு மும்பையில் அமெரிக்கா விசா இன்டர்வியூ. கிடைத்ததா என்று இப்போதே கேட்காதீர்கள். அது கடைசியில்தான். நான் தீப்பெட்டி ஆபீசில் கணக்குப்பிள்ளையாக இருந்தவன். எதையும் வரிசையாகத்தான் சொல்வேன்.

எனக்கு இரண்டு பையன்கள். பெரியவன் தெய்வநாயகம். நியூ ஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம், சொந்த வீடு, அந்த நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டான். அவன் பெண்டாட்டி சண்முகவடிவு. என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு பெரியவன் என்னை அங்கே அழைத்துக்கொண்டான். நான் போய் மனுப் போட்டு, வருஷக்கணக்கில் காத்திருந்து, சின்னவன் குமரகுருவை அழைத்தேன். ஒரே வீட்டில் எல்லாரும் இருந்தோம்.

குளிரைப் பற்றிக் கேட்டீர்களானால், வெற்றிலைச் சாற்றைத் துப்பினால் தரையில் விழுவதற்குள் கல்லாகிவிடும். 'டிங்'கென்று சத்தம் கேட்கும். தினம் காலையில் ஒரு மான் வரும். என்னைப் பார்த்தால்தான் புல்லில் வாய் வைக்கும். ஒருநாள் என் வெற்றிலைப் பொட்டலத்தைத் தின்றுவிட்டு வாயெல்லாம் சிவந்துபோய்த் தெருவில் திரிந்தது. எதிர்வீட்டு வெள்ளைக்காரி ரத்தம் என்று போலீஸைக் கூப்பிட்டுவிட்டாள். சிரிக்காதீர்கள் தம்பி, மேலே தூங்குகிறது.

சின்னவனுக்கு ஆபீஸ் வேலை ஒத்துவரவில்லை. அண்ணன் வீட்டு பேஸ்மென்ட்டில், தரைக்குக் கீழே இருக்கிற அறைதான், அங்கே கிரைண்டர் போட்டு இட்லி மாவு ஆட்டி நம் ஊர்க்காரர் கடைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தான். மாவு நல்ல மாவு. ஆனால் விடியுமுன்னே கிரைண்டர் ஓடும். மேலே வடிவுக்குத் தலைவலி. "நம்ம தலைக்குள்ள ஓடுற மாதிரியே இருக்கு மாமா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தகப்பன் என்ற முறையில் பாகம் பிரித்துவிட்டேன். நம் பக்கம் அண்ணன் தம்பி எல்லாரும் செய்கிறதுதானே. மேலே பெரியவன், கீழே சின்னவன். அடுப்பு தனி, அரிசி தனி. நல்ல நாள் பார்த்துக் கீழே ஒரு அடுப்பு வாங்கிவைத்துப் பால் பொங்கவிட்டு, சூடம் காட்டினேன். புகை மேலே போனதும் கூரையில் ஒரு டப்பா கத்த ஆரம்பித்தது. தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது தம்பி. நாலு பேர் கோடாலியோடு இறங்கினார்கள். நான் ஆளுக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்கள். அந்தத் தெருவில் அப்படி ஒரு பால்காய்ப்பு நடந்ததில்லை.

எனக்கு முறைச் சாப்பாடு. ஒரு வாரம் மேலே, ஒரு வாரம் கீழே. இதில் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது பாருங்கள். போகப்போக அண்ணனும் தம்பியும் நேரே பேசுவதை விட்டுவிட்டார்கள். எது வேண்டுமானாலும் நான்தான் கொண்டுபோக வேண்டும். மேலேயிருந்து கீழே, கீழேயிருந்து மேலே. நான் இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் என்ன ஆகியிருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

ஏன் பேச்சை விட்டார்கள் என்றா கேட்கிறீர்கள்? அது என்னமோ தம்பி, அந்த ஊர்த் தண்ணீர்.

ஒருநாள் சின்னவன் மாவு வாளியைத் தூக்கும்போது, "நல்லா ஓடினா நானும் ஒரு வீடு வாங்கணும்ப்பா" என்றான். அதை அப்படியே மேலே போய்ச் சொன்னால் என்ன ருசி இருக்கிறது? கொஞ்சம் தாளித்துச் சொன்னேன். "உன் தம்பி இந்த வீட்டையே விலை பேசுவேங்கான்" என்றேன். சிரிப்பான் என்று பார்த்தேன். பெரியவன் சிரிக்கவில்லை. வடிவு கீழே ஒரு கிண்ணம் அவியல் கொடுத்தனுப்பினாள், நான் கொண்டுபோய், "மிஞ்சினது, மாவாட்டுறவனுக்குக் குடுங்கன்னு உன் மதினி தந்தா" என்றேன். வேடிக்கைக்குத்தான். சின்னவன் கிண்ணத்தைத் தொடவில்லை. நான்தான் சாப்பிட்டேன். நல்ல அவியல்.

இப்படி இருக்கும்போதுதான் இந்தப் பிள்ளையின் பேப்பர் வந்தது. சின்னவன் ஊருக்கு வந்து இதைக் கல்யாணம் கட்டி, கொஞ்சநாள் கூட இருந்துவிட்டு, திரும்பிப் போய் மனுப் போட்டிருந்தான். வருஷம் ஓடிவிட்டது. விசா பேப்பர் பார்க்கிற வக்கீலம்மா சொன்னாள், பெண்டாட்டியை அழைக்க வேண்டுமானால் அவளை வைத்துச் சோறு போடத் தனக்கு வருமானம் இருக்கிறது என்று சின்னவன் காட்ட வேண்டுமாம். மாவு வியாபாரத்தில் சின்னவன் வரிக் கணக்கு நஷ்டத்தில் நிற்கிறது. மெஷின் வாங்கிய கடன். ஆனால் ஒரு வழி இருக்கிறதாம். ஒரே வீட்டில் ஒரே குடும்பமாக இருக்கிற அண்ணன், தன் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டிக் கையெழுத்துப் போட்டால் போதும். போடாவிட்டால் இந்தப் பிள்ளைக்கு விசா இல்லை.

சின்னவன் என்னிடம் வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. "அப்பா, நீங்க அண்ணன்கிட்ட கேளுங்க. எனக்கு வாய் வராது."

மேலே போனேன். பெரியவன் லேப்டாப்பை மூடவில்லை. "கையெழுத்துன்னா சும்மா இல்லப்பா. நாளைக்கு அவங்களுக்குள்ள ஒத்துக்காம அத்துக்கிட்டுப் போனாலும் அந்தப் பொண்ணுக்குச் சோத்துக்கு நான்தான் ஜவாப்தாரி. கவர்மென்ட் என்னைத்தான் பிடிக்கும்" என்றான். அப்புறம், "என் வீட்டையே விலை பேசுறவன் எதுக்குப்பா எங்கிட்ட வாறான்?" என்றான். அதற்கப்புறம் சொன்னான் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஒரே குடும்பம்னு எப்படிப் போடுவேன்? நீங்கதானே அடுப்பைப் பிரிச்சு வச்சீங்க. ரெண்டு அடுப்பு எரியுற வீட்டை ஒரே குடும்பம்னு எழுதினா அது பொய்க் கையெழுத்தில்லையா?"

என்ன அநியாயம்! ஊர் முறைப்படி ஒரு நல்ல காரியம் செய்தால் அதையே தூக்கி என் தலையில் போடுகிறான். வக்கீலம்மாவிடம் கேட்டால் அவள், ஒரு கூரைக்கு எத்தனை அடுப்பு இருந்தால் எங்களுக்கென்ன என்று சிரித்திருப்பாள். ஆனால் என் பிள்ளை கோவில்பட்டிக்காரன். அடுப்பு தனியென்றால் அவனுக்குக் குடும்பம் தனிதான். கேட்கவே மாட்டான்.

கீழே இறங்கினேன். சின்னவன் படியடியிலேயே நின்றான். "என்ன சொன்னான்?"

"உன்னை வந்து கால்ல விழச் சொல்லுதான்" என்றேன்.

அப்படிச் சொன்னானா என்றா? வாயால் சொல்லவில்லை தம்பி. அவன் முகம் அப்படிச் சொன்னது. நான் முகத்தைப் படிக்கிறவன்.

சின்னவன் கையிலிருந்த மாவுக் கரண்டியைச் சுவரில் எறிந்தான். "எனக்கு எவன் கையெழுத்தும் வேண்டாம். நானே ஊருக்குப் போயிடுதேன். கடையும் வேண்டாம், கிரீன் கார்டும் வேண்டாம்" என்றான். இன்டர்வியூ தேதி வந்துவிட்டது. இவன் ஊருக்குக் கிளம்பினால் வியாபாரக் கடன் அப்படியே நிற்கும், இத்தனை வருஷம் காத்திருந்ததும் போகும். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வாய்தான் சாப்பிட்டேன்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெரியவனிடம் நியாயம் பேசிப் பலனில்லை. வடிவு இளகின மனசுக்காரி. அடுப்படியில் அவளிடம் போய்க் குரலைத் தாழ்த்தி, "வடிவு, விஷயம் கைமீறிப் போயிருச்சும்மா. கையெழுத்து வரலைன்னு தெரிஞ்சு ஆவுடையோட தாய்மாமன் பஞ்சாயத்து வைக்கப் போறாராம். உறவை அத்துவிட்டுட்டு வேற மாப்பிள்ளைக்குக் கட்டிக்குடுக்கப் போறாங்களாம். சாத்தூர்ல ரைஸ்மில்காரன். பொண்ணும் சரின்னுட்டாளாம்" என்றேன்.

உண்மையா என்று கேட்காதீர்கள். உண்மையாக ஆகியிருக்கக்கூடியதுதானே? அவளுக்குத் தாய்மாமன் இருக்கிறார், சாத்தூரில் ரைஸ்மில்லும் இருக்கிறது. வடிவு பதறிப்போய்ப் புருஷனிடம் சொல்லி இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டால் அவன் கையெழுத்துப் போட்டுவிடுவான். அதுதான் என் கணக்கு.

ஆனால் வடிவு என்ன செய்தாள்? நேராகக் கோவில்பட்டிக்கு, இந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு போன் போட்டுவிட்டாள். "அத்தை, அவசரப்படாதீங்க, தாலியைக் கழட்டிராதீங்க" என்றாளாம். அந்த அம்மா போனைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்களாம். மாப்பிள்ளை வீட்டில்தான் தன் மகளைத் தள்ளிவைக்கப் பார்க்கிறார்கள், முன்னேற்பாடாகப் பழியைத் தன் பக்கம் போடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள்.

இந்தப் பிள்ளை புருஷனைக் கூப்பிட்டு, "என்னைத் தள்ளிவைக்கப் போறீகளா?" என்று கேட்டிருக்கிறது. அவன், "ரைஸ்மில்காரனுக்குச் சரின்னு சொன்னவ நீதானே?" என்றிருக்கிறான். அவன் காதுக்கு அது எப்படிப் போனது என்று பார்க்கிறீர்களா? நான்தான் சொன்னேன். மேலே சொன்னதைக் கீழே சொல்லாமல் இருந்தால் ஓரவஞ்சனை ஆகிவிடாதா?

சின்னவன் போனை அணைத்துவிட்டான். கிரைண்டரையும் அணைத்துவிட்டான். அந்த வீடு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கே பயமாகிவிட்டது. ஊறப்போட்ட அரிசி வாளியிலேயே கிடந்து புளித்து நாறியது. வடிவு படியில் வந்து நின்று எட்டிப் பார்ப்பாள், கூப்பிட வாய் வராமல் திரும்பிப் போவாள். அவன் ஒரு பெட்டியை எடுத்துவைத்துத் துணியை அடுக்க ஆரம்பித்தான். ஏலே என்னல செய்யுத என்றேன். என் பிள்ளை என்னிடம் பதில் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெரியவன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவன் எழுந்து நின்றுவிட்டான். திரையில் இந்தப் பிள்ளையின் முகம்.

உங்களுக்கு அதன் விபரீதம் புரியாது தம்பி, நீங்கள் வேற பக்கம். எங்கள் பக்கம் தம்பி பெண்டாட்டி புருஷனுடைய அண்ணன் முன்னால் வந்து நிற்க மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று வேற யாரிடமோ சொல்கிற மாதிரித்தான் சொல்வாள். கல்யாணத்தன்று பெரியவன் மணவறைப் பக்கம் வந்தபோது இது தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அப்படிப்பட்ட பிள்ளை முக்காடும் இல்லை ஒன்றும் இல்லை, நேருக்கு நேர், "பெரியத்தான், நான் ஆவுடைச்செல்வி பேசுதேன்" என்கிறது. எனக்குக் கூசிப்போய்விட்டது.

"என்னைச் சேர்த்துக்கிடுததும் விடுததும் உங்க வீட்டு இஷ்டம். ஆனா நான் சொல்லாததை நான் சொன்னேன்னு யாரும் சொல்லக் கூடாது. ரைஸ்மில்காரன் யாரு? எனக்குத் தெரியணும். உங்களுக்கு யாரு சொன்னாக?"

பெரியவன் வடிவைப் பார்த்தான். வடிவு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். மான் வரவில்லை.

"குமருவை மேல கூப்பிடு" என்றான் பெரியவன். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அவன் வாயில் தம்பி பெயர் வந்தது. "அப்பா, நீங்க கொஞ்சம் கீழ இருங்க."

நான் பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டேன். முழுதும் கீழே என்று அவன் சொல்லவில்லையே. அவர்கள் மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள், சொம்பில் சாய்த்துவைத்த போனில் இந்தப் பிள்ளை. கதவு சாத்தியிருந்தது. எனக்கு ஒவ்வொரு சொல்லாகத்தான் கேட்டது.

"கால்ல விழவா? நான் எப்பல சொன்னேன்?"

அப்புறம் சின்னவன் குரல். அப்புறம் வடிவு, "மிஞ்சின அவியலா! தம்பிக்குன்னு தனியா எடுத்து வச்சு அனுப்பினேன்" என்று அழுகிறாள். அப்புறம் பெரியவன், "அப்ப வீட்டை விலை பேசுவேன்னது?" அப்புறம் யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிற சத்தம். இதோ கைகலப்பு வரப்போகிறது, நான்தான் ஓடிப்போய் விலக்கிவிட வேண்டும் என்று ஒரு காலைத் தூக்கித் தயாராக வைத்திருந்தேன்.

சிரித்தார்கள் தம்பி. முதலில் அந்தப் போனிலிருந்துதான் சிரிப்பு வந்தது, அப்புறம் எல்லாரும். சிரிப்பு என்றால் அப்படியொரு சிரிப்பு இல்லை, அழுத மூக்கோடு சிரிக்கிற சிரிப்பு. எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பிரிந்துகிடந்த பிள்ளைகளை ஒரு மேஜையில் உட்கார வைத்தது யார்? நான் அந்த ரைஸ்மில்காரனைக் கொண்டுவராவிட்டால் நடந்திருக்குமா? யோசித்துப் பாருங்கள்.

சாயங்காலமே சின்னவன் கீழே இருந்த அடுப்பைக் கழற்றி வெளியே வைத்தான். பால் பொங்கவிட்ட அடுப்பு. ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. வடிவு ஒரே உலை வைத்தாள். பெரியவன் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

"அப்பா, கையெழுத்துப் போட்டுட்டேன். அந்தப் பொண்ணு வந்து நல்லா இருக்கட்டும். நீங்க ஊருக்குப் போங்க. மும்பைக்கு அதுகூடத் துணைக்குப் போங்க. அப்புறம் நம்ம வீட்ல இருங்க. மாசாமாசம் நான் பணம் அனுப்புதேன், குமருவும் அனுப்புவான். ஒரு குறையும் வராது."

"எப்பம்ல திரும்பி வர?" என்றேன்.

"குளிரு உங்களுக்கு ஆகலைப்பா" என்றான். பார்த்தீர்களா அக்கறையை! ஊரில் வீடு பூட்டிக்கிடக்கிறது, பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும். அவர்களுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? கிளம்புகிற அன்றைக்கு என் பெட்டியை அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு போனார்கள். வடிவு எனக்கு மூன்று நாளைக்குக் கட்டுச்சோறு கட்டினாள், விமானத்தில் அத்தனை நேரமே கிடையாது என்றாலும்.

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன். தாராவியில் நம் ஊர்க்காரர் வீட்டில் தங்கினோம். காலையில் இதைக் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கிற அமெரிக்காக்காரன் விசா ஆபீஸில் கொண்டுபோய் விட்டேன். துணைக்கு வந்தவர்களை உள்ளே விடமாட்டார்களாம். வெயிலில் நடைபாதையில் நின்றேன். உள்ளே போன பிள்ளை வரவில்லை. பின்னால் போனவர்களெல்லாம் வந்துவிட்டார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே போனாள். என் வேட்டி உடம்போடு ஒட்டிக்கொண்டது. என்னைக் கேட்டால் நான் எல்லாம் சொல்லிவிடுவேனே, என்னை உள்ளே விடுங்கள் என்று காவல்காரனிடம் தமிழிலேயே சொன்னேன். அவன் என்னைப் பார்த்து சல்யூட் அடித்தான். அடித்தான் தம்பி.

கடைசியில் வந்தது. முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு தண்ணீர் பாட்டிலை முழுசாகக் குடித்துவிட்டு, "கிடைச்சிருச்சு மாமா, பாஸ்போர்ட்டு பின்னால வரும்" என்றது. ஆமாம் தம்பி, கிடைத்துவிட்டது! அடுத்த மாதம் போகிறது. தாதரில் அழுதது சந்தோஷ அழுகை. உங்களுக்கு இப்போது நிம்மதியா?

உள்ளே என்ன கேட்டார்கள் என்று துருவித் துருவிக் கேட்டேன். உண்மையைத்தான் சொல்வேன் என்று கையைத் தூக்கிச் சத்தியம் செய்யச் சொன்னார்களாம். புருஷனுக்கு வருமானம் இல்லையே, யார் சோறு போடுவார் என்று கேட்டார்களாம். புருஷனோட அண்ணன் என்றதாம். அவர் போடுவார் என்று உனக்கு எப்படித் தெரியும், அவரிடம் பேசியிருக்கிறாயா என்றார்களாம். "எங்க வழக்கத்துல பேசக் கூடாது, ஆனா பேசினேன்" என்றதாம். அந்த வெள்ளைக்காரத் துரை சிரித்தானாம். அப்புறம் அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறான். இது, "என் வீட்டுக்காரர், பெரியத்தான், அக்கா" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டதாம்.

என்னைச் சொல்லவே இல்லை தம்பி! பயத்தில் மறந்துபோயிருக்கிறது. அந்த வீட்டில் முதலில் சொல்ல வேண்டிய பெயரே என் பெயர்தானே? அந்த ஒரு சொல்லில் விசா போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அட, எழுந்துவிட்டதா? பேச்சுச் சத்தம் கேட்டிருக்கும். ஏம்மா செல்வி, இந்தத் தம்பிகிட்ட நேத்து நடந்ததைத்தான் சொல்லிட்டிருந்தேன். ஆபீசர் கேக்கும்போது என் பேரை மறந்துட்டியே தாயி?

"மறக்கலை மாமா. அந்த வீட்ல இப்ப யாரு இருக்காகன்னுதான் கேட்டாக. சத்தியம் வாங்கியிருந்தாகள்ல."

கேட்டீர்களா தம்பி? மறுபடி போர்த்திப் படுத்துவிட்டது. பச்சைப் பிள்ளை. ஒரு சின்னப் பொய்கூடச் சொல்ல வரவில்லை. அந்த வீட்டில் போய் எப்படித்தான் பிழைக்கப் போகிறதோ, சொல்லுங்கள்.